தோட்டத்து வீட்டில் ஊறுகாய்த் தொழில்: எந்தத் தாளை முதலில் எடுப்பது?

மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் தெபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் சின்னம்மா இருக்கிறார். எலுமிச்சை ஊறுகாயும் மோர் மிளகாயும் போடுவதில் அவரை அடிக்க ஆள் இல்லை. பல வருடமாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்றுக்கொண்டிருந்தார். சுங்கை பக்காப்பில் ஒரு கடைக்காரர், "மாசம் 100 போத்தல் எடுத்துக்கிறேன், ஆனா லேபிளும் லைசென்ஸும் இருக்கணும்" என்று சொல்லப்போக, "தம்பி, நீதான் படிச்ச பிள்ளை, பார்த்து முடிச்சிக் கொடு" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

நான் இருப்பது பினாங்குத் தீவில், வேலை பாயான் லெப்பாஸில். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், ஐந்து மாதம் ஆனது. மோட்டார் சைக்கிளுக்குப் பாலத்தில் டோல் கிடையாது, எனக்கு மிச்சமானது அது ஒன்றுதான். அந்த ஐந்து மாதத்தில் மூன்று மாதம் முழுக்க எங்கள் தப்பால் போனது. எல்லாரையும் போல நாங்களும் கடன் விண்ணப்பப் பாரத்தில் ஆரம்பித்தோம். கடனுக்குப் போனால் தொழில் பதிவு எங்கே, லைசென்ஸ் எங்கே என்றார்கள். லைசென்ஸுக்குப் போனால் அந்த வீட்டில் தொழில் செய்ய அனுமதிக் கடிதம் எங்கே என்றார்கள். கடைசியில் வந்து நின்ற இடம் தோட்டத்து ஆபீஸ். அங்கேதான் முதல் நாளே போயிருக்க வேண்டும்.

நீங்கள் தோட்டத்திலோ கம்பத்திலோ (கிராமத்திலோ) வீட்டிலிருந்து சாப்பாட்டுப் பொருள் செய்து விற்க நினைத்தால், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். எங்கள் அனுபவம் பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் நடந்தது. கெடாவிலோ பேராக்கிலோ இருப்பவர்களுக்கு மாநகர் மன்றத்தின் பெயரும் லைசென்ஸ் கட்டணமும் மாறும், மற்றதெல்லாம் கிட்டத்தட்ட இதேதான்.

1. முதலில் முகவரி

தோட்டத்து வீடு உங்கள் வீடு இல்லை, கம்பெனி வீடு. முப்பது வருடம் குடியிருந்தாலும் அதுதான் நிலைமை. அங்கே தொழில் செய்ய நிர்வாகத்தின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும், மலாயில் 'சுராட் கெபெனாரான்' என்பார்கள்.

இதில் நாங்கள் வாங்கிய அடியைச் சொல்கிறேன். சின்னம்மா தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் போய், "ஐயா, ஒரு லெட்டர் வேணும்" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அவரும் நல்ல மனுஷன், அன்றே டைப் செய்து கொடுத்துவிட்டார். அதில் என்ன இருந்தது? 'இவர் இந்த வீட்டில் குடியிருக்கிறார்' என்று ஒரே வரி. அது பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க உதவும், லைசென்ஸுக்கு உதவாது. குடியிருக்கிறார் என்பது வேறு, தொழில் செய்ய அனுமதிக்கிறோம் என்பது வேறு. திரும்பப் போய் மானேஜர் கையெழுத்துக்குக் காத்திருந்ததில் மூன்று வாரம் போனது.

கடிதத்தில் இவையெல்லாம் இருக்கிறதா என்று ஆபீஸ் வாசலிலேயே நின்று படித்துப் பாருங்கள்: கம்பெனியின் பெயர் அச்சிட்ட தாள், உங்கள் முழுப் பெயர் அடையாள அட்டையில் உள்ள அதே எழுத்தில், அடையாள அட்டை எண், வீட்டு எண்ணோடு முழு முகவரி, என்ன தொழில் என்று தெளிவாக, அனுமதிக்கிறோம் என்ற சொல், தேதி, கையெழுத்து, முத்திரை. மூலக் கடிதத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், பத்து நகல் எடுத்து வையுங்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு யார் வேலைக்காகக் கொடுக்கப்பட்டது? சித்தப்பாவின் வேலைக்காகத்தான் எங்களுக்கு வீடு. அவருக்கு 60 வயதாக இன்னும் கொஞ்ச காலம்தான், அதற்குப் பிறகு வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் அங்கே சிமெண்டு போட்டு மேடை கட்டி, சுவர் எழுப்பிச் செலவு செய்யாதீர்கள் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பிடித்துத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சாமான்களாக வாங்குவதுதான் புத்தி.

தோட்டம் அனுமதி கொடுக்கவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம், கல்யாணமாகிப் போன மகளின் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு முகவரியில் செய்யலாம், ஆனால் வேலையும் அங்கேதான் நடக்க வேண்டும். அங்கே வீட்டு உரிமையாளரின் கடிதமும், மாநகர் மன்றத்துக்குக் கட்ட வேண்டிய மதிப்பீட்டு வரி பாக்கியில்லாத ரசீதும் கேட்பார்கள். ஆடு மாடு வளர்க்க டி.ஓ.எல். நிலத்தை, அதாவது தற்காலிக உரிமத்தில் கிடைத்த அரசாங்க நிலத்தை, நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த அனுமதி ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-இல் முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் உங்கள் கொட்டகை யார் நிலத்திலோ நிற்கிறது என்று அர்த்தம்.

2. கடிதம் வருவதற்குள் ஊசியும் வகுப்பும்

மானேஜர் கையெழுத்துக்குக் காத்திருக்கும் நாட்களைச் சும்மா விடாதீர்கள். உணவைக் கையாளும் எல்லாரும் இரண்டு காரியம் செய்திருக்க வேண்டும். ஒன்று டைஃபாய்டு தடுப்பூசி, 3 வருடம் செல்லும். கிளினிக்குக்குக் கிளினிக் விலை மாறும், இரண்டு மூன்று இடத்தில் போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். அட்டையை வாங்கி மறக்காமல் நகல் எடுங்கள். மற்றது சுகாதார அமைச்சு அங்கீகரித்த உணவு கையாளுநர் பயிற்சி. அரை நாள் வகுப்பு, எங்களுக்கு 50 ரிங்கிட் ஆனது. மலாயில் நடக்கும், கடைசியில் ஒரு சின்னத் தேர்வு இருக்கும். சின்னம்மா பயந்துகொண்டே போனார், கை கழுவுவது, நகம் வெட்டுவது பற்றிய கேள்விகள்தான் என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

உதவிக்கு வரும் பக்கத்து வீட்டு அக்காமார்களுக்கும் இது இரண்டும் வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

3. எஸ்.எஸ்.எம். பதிவு

எஸ்.எஸ்.எம். என்பது தொழில்களைப் பதியும் மலேசிய நிறுவனங்கள் ஆணையம். தொழில் ஆரம்பித்த 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். கவுன்டரில் செய்யலாம், பினாங்கு அலுவலகம் செபராங் ஜெயாவில் இருக்கிறது. இல்லையென்றால் இசிபிஸ் என்ற இணையத் தளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம்.

கட்டணம்: அடையாள அட்டையில் உள்ள உங்கள் சொந்தப் பெயரிலேயே தொழில் செய்தால் வருடத்துக்கு 30 ரிங்கிட். தனியாகக் கடைப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். தொழில் விவரம் அச்சிட்ட தாள் வேண்டுமென்றால் இன்னும் 10. ஒரே தடவையில் 5 வருடம் வரை கட்டலாம், ஆனால் முதல் தடவை ஒரு வருடம் போதும், தொழில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு நீட்டிக்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை ஏதும் நடப்பில் இருக்கிறதா என்று கவுன்டரில் ஒரு வார்த்தை கேளுங்கள், அவர்களாகச் சொல்லமாட்டார்கள். இந்த 60 வெள்ளி வேலைக்கு எங்களிடம் ஒரு ஏஜெண்டு 350 கேட்டார். "எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்பவரிடம் சாக்கிரதையாக இருங்கள்.

பதிவு யார் பெயரில்? வேலை செய்கிறவர் பெயரில். இமெயில் இருக்கிறது, போன் இருக்கிறது என்று மகன் பெயரில் போட்டுவிடுகிறார்கள். பிறகு இந்தியப் பெண்களுக்கென்று வரும் கடனுக்கு அம்மாவால் விண்ணப்பிக்க முடியாது, தாளில் அவர் தொழில்காரரே இல்லையே. நானும் ஒரு பாதித் தப்பு செய்தேன், பதிவைச் சின்னம்மா பெயரில் செய்துவிட்டு இமெயிலும் போன் எண்ணும் என்னுடையதைக் கொடுத்தேன். அப்புறம் போனுக்கு வரும் ஒவ்வொரு குறியீட்டு எண்ணுக்கும் நான் நைட் ஷிஃப்டில் இருக்கும்போது அவர் எனக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தார். அவர் பெயரில் ஒரு இமெயில் திறந்து, மறைச்சொல்லை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

பெயரை ரூமி (ஆங்கில) எழுத்தில் எப்படி எழுதினீர்களோ அதே எழுத்துக்கூட்டல்தான் வங்கியில், லைசென்ஸில், லேபிளில் எல்லாம் வர வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் அலைச்சல். தொழில் வகையைக் கேட்கும்போது உணவு தயாரிப்பு என்பதைச் சேர்த்துவிடுங்கள், சில்லறை விற்பனை என்று மட்டும் போட்டால் பிறகு திருத்தம் செய்ய வேண்டிவரும்.

தோட்டத்தில் பெண்கள் கேட்ட முதல் கேள்வி, "பதிஞ்சா எஸ்.டி.ஆர். காசு நின்னு போயிருமா?" என்பதுதான். எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க ரொக்க உதவி குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது, எஸ்.எஸ்.எம்.மில் பெயர் இருப்பதற்காக மட்டும் நிறுத்தமாட்டார்கள்.

4. வங்கிக் கணக்கு, அதே வாரத்தில்

பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த அதே வாரத்தில் தொழிலுக்கென்று தனிக் கணக்கு திறந்துவிடுங்கள். ஏன் அவசரம் என்றால், பிறகு கடன் கேட்கும்போது சில மாதக் கணக்கு அறிக்கை கேட்பார்கள், அந்த மாதங்கள் இன்று ஓட ஆரம்பித்தால்தான் அப்போது இருக்கும். போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டும் டுயிட்நாவ் கியூஆர் அட்டை ஒன்றை வாங்கி வாசலில் ஒட்டுங்கள். ரொக்கமாக வருவதையும் வாரம் ஒரு முறை கணக்கில் போடுங்கள். ரொக்கத்திலேயே வாங்கி ரொக்கத்திலேயே செலவழித்தால் நீங்கள் விற்றதற்கு ஒரு சாட்சியும் இல்லை.

5. குசினியும் லைசென்ஸும்

எஸ்.எஸ்.எம். பதிவு லைசென்ஸ் ஆகாது. இது தெரியாமல் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று இருப்பவர்களை நானே நாலைந்து பேர் பார்த்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் லைசென்ஸ் கொடுப்பது செபராங் பிறை மாநகர் மன்றம். கட்டணம் தொழிலையும் இடத்தையும் பொறுத்தது. கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை நகல், படம், எஸ்.எஸ்.எம். தாள், தோட்டத்து அனுமதிக் கடிதம், ஊசி அட்டை, பயிற்சிச் சான்றிதழ், குசினியின் படங்கள், வீடு எங்கே இருக்கிறது என்று கையால் வரைந்த வரைபடம். தோட்டத்து லயத்தை (வரிசை வீடுகளை) கூகுள் மேப்பில் தேடினால் செம்பனை மரம்தான் தெரியும், அதனால் வரைபடத்தில் கோயில், பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று அடையாளம் போட்டுக் கொடுங்கள்.

கடைகளுக்கு போத்தலில் போடுவதென்றால் சுகாதார அமைச்சின் மெஸ்தி சான்றிதழும் எடுப்பது நல்லது, சின்னத் தயாரிப்பாளர்களுக்கென்றே வைத்திருக்கும் திட்டம், 3 வருடம் செல்லும். இதற்கு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் போய்ப் பேசுங்கள். பார்க்க வருகிறவர்கள் பெரிய மிஷின் இருக்கிறதா என்று தேடுவதில்லை. ஜன்னலுக்கு வலை உண்டா, குப்பைத் தொட்டிக்கு மூடி உண்டா, பூனை உள்ளே வருமா, வீட்டுச் சமையலும் விற்பனை வேலையும் ஒன்றோடொன்று கலக்கிறதா, எப்போது என்ன செய்தீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா, இதுதான்.

எழுதி வைப்பதுதான் எங்களுக்குக் கஷ்டம். சின்னம்மாவுக்கு உப்பு கைப்பிடிக் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் பக்கத்தில் தராசை வைத்துக்கொண்டு, அவர் கைப்பிடி போடப் போட நான் நிறுத்து எழுதினேன். ஐந்து கைப்பிடியில் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று கிராம்தான் வித்தியாசம். தராசே வெட்கப்பட்டிருக்கும்.

மிளகாய் காய வைப்பதையும் யோசியுங்கள். செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் மழை விடாது. மோரில் ஊறிய மிளகாயை வெளியே எடுத்துப் போட்டு ஒரு நாள் வெயில் தப்பினால் மறுநாள் காம்பில் வெள்ளையாகப் பூத்துவிடும். ஒரு தடவை நாலு கிலோவை அப்படியே குழியில் கொட்டினோம். இப்போது வலை போட்ட தட்டுகளும், கூரைக்கு அடியில் ஒரு காற்றாடியும் வைத்திருக்கிறோம். அந்த இரண்டு மாதத்துக்குப் பெரிய ஆர்டர் வாங்குவதில்லை.

6. லேபிள்

அச்சடிக்கும் முன் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள், எங்களுக்கு 500 லேபிள் குப்பைக்குப் போனது.

இங்கே தயாரிக்கும் பொருளுக்கு லேபிள் மலாயில் இருக்க வேண்டும், தமிழைக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். பொருளின் பெயர், சேர்மானங்கள் எடை கூடியதிலிருந்து குறைந்ததாக, நிகர எடை, தயாரிப்பவர் பெயரும் முகவரியும், காலாவதித் தேதி எல்லாம் வேண்டும். பதப்படுத்தும் பொருள் சேர்த்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

நாங்கள் மாட்டிய இடம் ஒவ்வாமைப் பொருள்கள். பால், கோதுமை, கடலை, முட்டை, மீன் மாதிரி பொருள்கள் இருந்தால் லேபிளில் தெரிவிக்க வேண்டும். ஊறுகாயில் இதெல்லாம் எங்கே என்று நானும் நினைத்தேன். மோர் மிளகாயில் மோர் இருக்கிறது, அதாவது பால். அப்புறம் பெருங்காயத் தூள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். அப்போது உங்கள் எலுமிச்சை ஊறுகாயிலும் கோதுமை இருக்கிறது.

ஹலால் சின்னத்தை நீங்களாகப் போடக்கூடாது, உள்ளே இருப்பது வெறும் எலுமிச்சையும் உப்பும்தான் என்றாலும் சரி. முறையான சான்றிதழ் இல்லாமல் போட்டால் குற்றம்.

லேபிள் தாள் எண்ணெய் தாங்குவதாக இருக்கட்டும், நல்லெண்ணெய் ஒரு சொட்டு வழிந்தால் சாதாரணத் தாளில் மை ஓடி முகவரி அழிந்துவிடும். தகர மூடியும் வேண்டாம், உப்பும் புளிப்பும் சேர்ந்து இரண்டே மாதத்தில் துரு ஏற்றிவிடும். ஒவ்வொரு முறை போடும்போதும் ஒரு போத்தலைத் தேதி எழுதி அலமாரியில் ஒதுக்கி வையுங்கள். கடைக்காரர் புகார் சொன்னால் எடுத்துத் திறந்து பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.

7. கடன் இப்போதுதான்

இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு போனபோது முதல் தடவை திருப்பி அனுப்பிய அதே பாரத்தை ஒரே உட்காரலில் நிரப்பிவிட்டோம்.

நமக்கு முக்கியமாக இரண்டு வழி. அரசாங்கக் கடன் நிறுவனமான தெக்குன் நேஷனல் நடத்தும் ஸ்பூமி, இந்தியத் தொழில்முனைவர்களுக்கென்றே உள்ளது. மற்றது அமானா இக்தியார் என்ற சிறுகடன் அமைப்பு, பெண்களுக்கு. அதில் இந்தியப் பெண்களுக்காக 2024-இல் 50 மில்லியன் ரிங்கிட்டோடு பென் என்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். இக்தியாரில் அடமானமோ ஜாமீன்தாரோ கிடையாது, ஆனால் குழுவாகச் சேர வேண்டும், கூட்டத்துக்குத் தவறாமல் போக வேண்டும். நல்ல கட்டுப்பாடு, நாலு பேர் பழக்கமும் கிடைக்கும். சின்னம்மாவுக்குத்தான் ஒத்துவரவில்லை: "ஒருத்தி கட்டலைன்னா நாளைக்குக் கோயில்ல எப்படி முகம் பார்க்கிறது?" அவர் ஸ்பூமிக்குப் போனார். பினாங்கு மாநிலத்தில் பி.டி.சி. (பினாங்கு மேம்பாட்டுக் கழகம்) வழியாக வட்டியில்லாத சிறுகடன் திட்டமும் உண்டு, விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வாங்கப்போகும் சாமான்களுக்குக் கடையில் விலைப் புள்ளி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கடைப் பெயரும் முத்திரையும் இருக்க வேண்டும். கணவர் அல்லது மனைவியின் அடையாள அட்டை நகல், மின்சார பில், குசினிப் படங்கள், கணக்கு அறிக்கை எல்லாம் ஒரே கோப்பில்.

எவ்வளவு கேட்பது? நீங்கள் தாங்கக்கூடியதை. 10,000 ரிங்கிட்டை வருடத்துக்கு 4 விழுக்காடு நிலையான விகிதத்தில் 5 வருடத்துக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மேலே 2,000 சேர்ந்து 12,000, மாதம் 200. சின்னம்மாவின் 200 கிராம் போத்தல் 8 ரிங்கிட், எல்லாச் செலவும் போக நிற்பது 3 ரிங்கிட் 40 காசு, 100 போத்தலுக்கு 340. அதில் 200 தவணைக்கே போனால் அவர் யாருக்காக எலுமிச்சை நறுக்குகிறார்? 5,000 மட்டும் வாங்கச் சொன்னேன். தராசு, பெரிய எவர்சில்வர் பாத்திரம், மூடி ஒட்டும் மிஷின், காய வைக்கும் தட்டுகள், போத்தல்கள், அதற்குப் போதும். எல்லாம் லாரியில் ஏற்றக்கூடியவை.

கமிஷன் கொடுத்தால் கடன் வாங்கித் தருகிறேன் என்று வாட்சாப்பில் வருகிறவரை அப்படியே தடுத்துவிடுங்கள். இந்தக் கடன் எதற்கும் ஏஜெண்டு தேவையில்லை.

8. விற்க ஆரம்பித்த பிறகு

சுயதொழில் செய்கிறவருக்கும் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) உண்டு, குறைந்தபட்சத் திட்டம் நான் கட்டியபோது வருடத்துக்கு 157 ரிங்கிட் 20 காசு. கொதிக்கும் எண்ணெயோடு வேலை செய்கிறவர் இதை எடுக்காமல் இருக்காதீர்கள். ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப்.பில் ஐ-சாரான் என்று ஒன்று இருக்கிறது, நீங்களாகப் போடும் பணத்துக்கு அரசாங்கமும் வருடத்துக்கு 500 ரிங்கிட் வரை சேர்த்துப் போடும்.

ஆள் வைக்கும் இடத்தில் நிதானம். எங்கள் தோட்டத்தில் உள்நாட்டுப் பெண்களுக்கு இப்போது வேலை குறைவு, ஒரு ஆர்டர் வந்தால் நாலு பேர் வந்து நிற்பார்கள், சின்னம்மாவுக்கும் இல்லை என்று சொல்ல மனம் வராது. ஆனால் ஒரே ஒருவரை வேலைக்கு வைத்தாலும் நீங்கள் முதலாளி, 30 நாளுக்குள் சொக்சோவில் பதிய வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கு 8 ரிங்கிட் 17 காசு. ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருப்பவர்களுக்கும் 2025 ஆகஸ்டு முதல் இதுதான். "டீக்காசு கொடுத்தா போதும்" என்ற பழைய கணக்கு இனி வேண்டாம். இப்போது மாதத்தில் இரண்டு நாள், நாளைக்கு நாலு மணி நேரம் என்று இரண்டு பேர் வருகிறார்கள், அந்தச் செலவையும் சேர்த்துத்தான் மேலே சொன்ன 3 ரிங்கிட் 40 காசு.

வருமான வரிக்கு, தொழில் உள்ளவர்கள் நிரப்ப வேண்டியது 'பி' பாரம், கடைசி நாள் ஜூன் 30. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றாலும் ரசீதுகளை 7 வருடம் வைத்திருக்க வேண்டும். சின்னம்மா அதற்கு ஒரு பழைய மைலோ டின் ஒதுக்கியிருக்கிறார். எலுமிச்சைக்காரர் ரசீது கொடுக்கமாட்டார் என்பதால் அவர் பெயர், தேதி, கிலோ, விலை எழுதிக் கையெழுத்து வாங்க ஒரு ரசீதுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன், 2 ரிங்கிட் 50 காசு.